கண் எழுதாத சாமிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், அப்பாவிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் அண்ணன் பட்டறையில் சாமிப் படத்துக்குக் கண் எழுதுவதுதான் கடைசி வேலை. அதுவரை அது வெறும் பலகை, எதையும் பார்க்காது என்பார் மாமா. அதனால், கண் எழுதிய படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் என்னை அடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயம் அரைக்கத் தாமதமானால் போதும். நேற்று, "உங்கம்மா உன்னை இங்க தள்ளிட்டு நிம்மதியா இருக்கா. கத்துடி, எந்தச் சாமி பாக்குதுன்னு பாப்போம்" என்று சிரித்தார். அடியைவிட அந்தச் சிரிப்புதான் எரிகிறது.

பயப்படாதீர்கள், காயம் பெரிதில்லை. இன்று அவர் தூங்கியதும் மிச்சமிருந்த எல்லாப் படங்களுக்கும் நானே கண் எழுதிவிட்டேன். கருவிழியை நட்டநடுவில் வைத்தால், எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும். அவரே சொல்லிக்கொடுத்த வித்தை. எல்லாவற்றையும் அவர் அறை வாசலைப் பார்க்க நிறுத்தி, விளக்கையும் போட்டுவிட்டு, என் அறைக்கு வந்து தாழ் போட்டுக்கொண்டேன்.

ஒரு கெட்டிப் போர்வையும் வலித் தைலமும் வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். என்னையும் கூட்டிப்போய்விடுங்கள்.

அம்மா, கதவைத் தட்டுகிறார். குரல் நடுங்குகிறது அவருக்கு.

"பாப்பா, வெளிய வாம்மா. அதுங்களத் திருப்பி வைம்மா. எனக்குத் தொடவே பயமா இருக்கு."

இன்னும் கொஞ்சம் தட்டட்டும், அம்மா.