பூட்டாத படலை

அக்கா,

பொலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்தவுடன் காய்ந்த வேப்பிலை மணம் வந்தது. நீங்கள் போட்டுவைத்த இலைகள்தான். தொட்டால் தூளாகிவிடும் நிலையில் இருக்கின்றன. பூச்சி அரிக்காமல் இருக்க நீங்கள் போட்டீர்கள். நானும் இத்தனை வருடங்களாகக் கொட்டாமல் வைத்திருக்கிறேன். காணிக்கு அரசாங்கம் தந்த பேர்மிற், நீங்கள் எனக்கு எழுதித் தந்த கடிதம், உங்கள் கணவரின் மரணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதே கசப்பு மணம். இன்றைக்கு அந்தப் பைக்குள் இன்னொரு கடதாசி சேர்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரே வந்து சொல்லியிருக்க வேண்டிய விசயம். ஆனால் நீங்கள் கண்ணை மூடி மூன்று மாரி கடந்துவிட்டது.

உங்களிடம் வாங்கிய வீட்டை விற்கப் போகிறோம், அக்கா. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மாங்குளம் வரை ஓட்டோ, அங்கிருந்து பஸ். திரும்பி வரும்போது அவள் தலை என் தோளில் விழுந்து கிடக்கும்; நான் ஒவ்வொரு தரிப்பிடமாக எண்ணிக்கொண்டு வருவேன். "இப்பிடி அலைய ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கிட்டவா வந்து இருங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். கிட்டப் போவதென்றால் இந்த வீட்டை விற்றாக வேண்டும். விற்பதென்றால் உங்களுக்குக் கொடுத்த வாக்கை விட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடமாக நிற்கிறேன்.

நான் முதன்முதலில் வீடு பார்க்க வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். நல்ல வெயில். நீங்கள் வேலிப் படலையிலேயே என்னை மறித்து, "வெயிலுக்கை எல்லா வீடும் நல்ல வீடுதான், மேசன். மழை பெய்யேக்கை வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வீடு விற்கிற மனிசி வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்புவதை நான் அன்றுதான் கண்டேன். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு மறுபடி வந்தேன். குசினிக்குள் கூட்டிப்போய், ஒழுகுகிற இடத்துக்குக் கீழே நீங்கள் வைத்திருந்த வாளியைக் காட்டினீர்கள். அன்றைக்கு வெயிலிலேயே விற்றிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

கிணற்றடியில் நின்று, "ஆவணியிலை இதுக்கு அடி தெரியும். ரெண்டு வாளிக்கு மேலை அள்ளினா சேறுதான் வரும், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றீர்கள். கிழக்கு வேலியைக் காட்டி, "அந்த வளவுக்காரர் தங்கமான மனிசன். ஆனா வேலி அடைக்கிற அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ. வேலிக் கதியால் வருசத்துக்கு ஒரு சாண் இஞ்சாலை நடந்து வரும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். நான் சிரித்தேன். அடுத்த வருடம் வேலி அடைக்கும்போது பக்கத்தில் நின்றேன். கதியால் நடக்கத்தான் பார்த்தது.

கட்டடம் கட்டுகிறவனாயிற்றே, நான் என் பங்குக்குப் பூச்சுக் கரண்டியின் பிடியால் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தேன். பூச்சுக்குள் பொள்ளல் இருந்தால் சத்தத்தில் தெரியும். தேநீரோடு பின்னால் வந்த நீங்கள், "டொக்டர் நெஞ்சைத் தட்டுறமாதிரித் தட்டுறியள். உயிர் இருக்கோ?" என்று கேட்டீர்கள். "இருக்கு அக்கா, நல்லா இருக்கு" என்றேன். ஷெல் துண்டு பட்ட இடங்களைப் பூசியிருந்தாலும் உங்கள் கணவர் கட்டுவித்த சுவர் உறுதியான சுவர். ஊரில் யார் வீடு வாங்கினாலும் என்னைத்தான் பார்க்கக் கூப்பிடுவார்கள். கதவு நிலையைப் பார்ப்பேன், கூரை வளையைப் பார்ப்பேன், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். அவ்வளவு பெரிய கெட்டிக்காரன், தன் வீட்டை வாங்கும்போது கடதாசியில் கோட்டை விட்டான்.

கோட்டை விட்டேன் என்பதும் சரியில்லை. கண்டேன். இதே பையிலிருந்து நீங்கள் பேர்மிற்றை எடுத்து விரித்தபோது, உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதும் இடத்தில் உங்கள் மகனின் பெயர் இருந்தது. அரசாங்கம் குடியேற்றத்துக்குக் கொடுத்த திட்டக் காணியில் அந்தப் பெயர்தான் முக்கியம். அதை மாற்றாமல் எவ்வளவு கடிதம் எழுதினாலும் வாங்கியவனுக்குக் காணி சேராது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். விரலை அந்தப் பெயரில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"அவன் வந்தோடனை நானே காணிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைப்பிச்சுத் தருவன். அவன் மாட்டனெண்டு சொல்லமாட்டான்" என்றீர்கள்.

கடைசிச் சண்டையில் காணாமற்போன பிள்ளை. ஆமிக்காரரின் பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தாயிடம் போய், 'அந்தப் பெயரை வெட்டுங்கோ' என்று யார் சொல்வார்கள்? நான் சொல்லவில்லை. ஊர் விதானைக்கு முன்னால் கடிதம் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்து வைத்தோம். வேறு ஊரான் இதைக் கேட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்பான். இங்கே என்னைப்போல் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

என் அவசரத்தையும் மறைக்கக் கூடாது. அப்பா தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். காட்டோரம், குளக்கட்டோரம் என்று குடிசை போட்டோம். சண்டை வந்து எழுப்ப எழுப்ப எழும்பி நடந்தோம். எங்கள் வீட்டில் எங்கள் பெயர் எழுதிய கடதாசி என்றால் அது அரிசிக் கூப்பன் மட்டை ஒன்றுதான். ஐம்பது வயதில் ஒரு வளவு கிடைக்கிறது என்றவுடன் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

வீட்டைத் தரும்போது இரண்டு விசயம் கேட்டீர்கள். படலைக்குப் பூட்டுப் போடக் கூடாது, கொளுக்கி மட்டும் போதும். வீட்டின் முகப்பை மாற்றக் கூடாது. "அவன் வந்து நிண்டு இது எங்கடை வீடோ எண்டு யோசிச்சுப்போட்டுத் திரும்பிப் போனானெண்டா?" என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். ஊருக்கெல்லாம் வளைவும் தூணும் வைத்து முகப்புக் கட்டிக் கொடுக்கிறவன், என் வீட்டில் அந்தப் பழைய பச்சைக் கம்பி யன்னலுக்கு அதே பச்சையைத் தேடி வாங்கி அடிக்கிறேன். "மேசன்ரை வீட்டைப் பாருங்கோ" என்று பகிடி பண்ணாதவர் இல்லை.

நெடுங்கேணியில் உங்கள் தங்கச்சி வீட்டோடு நீங்கள் போய் இருந்த பிறகும் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவீர்கள். முதலில் படலைக் கொளுக்கியைத் தடவிப் பார்ப்பீர்கள். பிறகு விறாந்தையில் அதே கதிரையில் இருந்து, தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒருத்தரும் வரேல்லையோ?" என்பீர்கள். "இல்லையக்கா" என்பேன். தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கந்தோர் விசயத்தைக் கேட்க வேண்டுமென்று நினைப்பேன். அந்த 'இல்லை'க்குப் பிறகு அதைக் கேட்க எனக்கு வாய் வராது. நீங்களும், "தை பிறக்கட்டும், போவம்" என்று நீங்களாகவே சொல்லிவிட்டுப் போவீர்கள். எத்தனை தை பிறந்தது!

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். உங்கள் செத்தவீட்டில் எல்லாரும் அழ, நான் மட்டும் மனதுக்குள் 'என்னை இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டீர்களே' என்று உங்களைத் திட்டிக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒழுகுகிற குசினியைக் காட்டினீர்கள், வற்றுகிற கிணற்றைக் காட்டினீர்கள், நடக்கிற வேலியைக் காட்டினீர்கள். அந்தப் பெயரை மட்டும் உங்களால் குறையாகப் பார்க்க முடியவில்லை.

வீட்டை விற்க யோசித்துக் கந்தோருக்குப் போனேன்; காணிப் பகுதியில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. பேர்மிற்றை இரண்டு தரம் வாசித்தாள். "ஐயா, இதிலை பேர் இருக்கிறவர் வரவேணும். இல்லாட்டி அவரின்ரை மரணச் சான்றிதழ் வேணும். இரத்த உறவு ஆரும் விண்ணப்பிக்கலாம்" என்றாள். உங்களுக்கு மிஞ்சியிருப்பது தங்கச்சி ஒருவர்தான். நெடுங்கேணிக்குப் போனேன். நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டார். பிறகு, "அக்கா இருக்கேக்கை ஆரும் இதைப் பற்றிக் கதைக்க விடமாட்டா. இப்ப உங்கடை மனுசிக்காக எண்டா நான் அந்தச் சான்றிதழுக்கு எழுதுறன். ஆனா அந்த வளவிலை இருக்கிறவர் நீங்கள். அவன் அங்கை வரேல்லையெண்டு நீங்கள் எழுதித் தரவேணும்" என்றார்.

கேட்டீர்களா அக்கா? பொய் எழுதச் சொல்லவில்லை. உங்களிடம் மாதாமாதம் வாயால் சொன்னதைத்தான் எழுதச் சொன்னார். வாயால் சொன்னபோது நீங்கள் அடுத்த மாதமும் பஸ் ஏறி வந்தீர்கள். கடதாசியில் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை. வெறுங்கடதாசியோடு வீட்டுக்கு வந்தேன். அது அலுமாரிக்குள் கிடந்தது.

போன கிழமை ஒரு புருசனும் பெண்சாதியும் வீடு பார்க்க வந்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம், சின்ன வயது. புருசன்காரர் யன்னலையும் நிலத்தையும் பார்த்து, "நல்ல வீடு ஐயா, எங்களுக்குப் பிடிச்சிருக்கு. விதானைக்கு முன்னாலை ஒரு கடிதம் எழுதுவம்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முந்திய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் நாங்கள் வவுனியாவில் இருந்திருப்போம். மனைவி உள்ளே கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அவர்களைக் குசினிக்குள் கூட்டிப்போனேன். திருத்தியும் மறுபடி ஒழுகுகிற மூலையைக் காட்டினேன். கிணற்றைக் காட்டினேன். கதியால் நடக்கிற கதையைச் சொன்னேன். கடைசியில் இந்தப் பையை அவிழ்த்து, உங்கள் மகனின் பெயரில் விரலை வைத்து, "தம்பி, வீட்டை வாங்கேக்கை சுவரைப் பிறகு தட்டுங்கோ, முதல் இந்த இடத்தை வாசியுங்கோ. இது மாறாமல் ஆர் கடிதம் எழுதித் தந்தாலும் கையெழுத்து வைக்காதேங்கோ. நான் தந்தாலும்தான்" என்றேன்.

அவருடைய பெண்சாதி பெயரை மெதுவாக வாசித்துவிட்டு, "இவர் வந்தா நாங்கள் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். நான் பேர்மிற்றை மடித்துப் பைக்குள் வைத்தேன். மரணச் சான்றிதழ் எடுத்தால் சொல்லுங்கோ, மாசி வரை பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் மனைவி கூப்பிட்டாள். அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "உண்மையைத்தான் சொன்னீங்க, அத நான் குத்தம் சொல்லல. ஆனா நான் உசுரோட இருக்கயிலயே அதை எழுதுவீங்களா, இல்ல அந்த அக்காவுக்குப் பயந்துகிட்டே இருப்பீங்களா? அவங்களும் என்னை மாதிரி ஒரு பொம்பளதானே, கேட்டா வேணாம்னா சொல்லியிருப்பாங்க?" என்றாள்.

இன்றைக்குப் பின்னேரம் விறாந்தையில், உங்கள் கதிரையில் இருந்து அந்தக் கடதாசியை எழுதினேன். நாலு வரி. 'இந்த வளவில் நான் இருக்கும் காலம் முழுவதும் அவர் இங்கு வரவில்லை' என்பதுதான் சாரம். ஒரு அறை கட்டுகிற களைப்பு அந்த நாலு வரியில் வந்தது. மனைவி எதிரில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பெயரை எழுதிக் கையெழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது படலைக் கொளுக்கி சத்தம் போட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரேயடியாகத் தலையை நிமிர்த்தினோம். பக்கத்து வளவுக் கன்றுக்குட்டி, படலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரியாது, அக்கா, இத்தனை வருடமும் நாங்களும்தான் அவன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கையெழுத்தை முடித்துவிட்டேன். நாளைக் காலைப் பஸ்ஸில் பையோடு உங்கள் தங்கச்சியிடம் கொண்டுபோகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் தொடங்கினேன், எப்படிக் கேட்பதென்று இன்னும் தெரியவில்லை. வாங்குகிறவர்கள் முகப்பை மாற்றட்டும், படலைக்குப் பூட்டும் போடட்டும்; உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்னோடு போகட்டும். வவுனியாவில் எங்களுக்குக் கிடைக்கப் போவது யாரோ கட்டிய வாடகை வீட்டின் ஒரு அறை. அந்த வீட்டு இரும்புக் கேற் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அது சத்தம் போடும்போதெல்லாம் நாங்கள் தலையை நிமிர்த்துவோம் என்பது மட்டும் தெரியும்.