குரூப் போட்டோவில் உன் இடம்

என் செல்லக் கயலுக்கு,

இங்கே சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. பப்ளிக் பரீட்சையும் நெருங்கிவிட்டது. நீ இல்லாமல் இதெல்லாம் எப்படி வரலாம் என்று கோபமாக இருக்கிறது.

உனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று உன் அம்மா, என் சித்தி, போக வேண்டாம் என்றுதான் சொன்னார். "ரிவிஷன் டெஸ்டும்மா. போகலன்னா அப்பாவக் கூட்டிட்டு வான்னு வெளியில நிக்க வச்சிருவாங்க" என்றாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடியே வந்தாய். பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டே கடைசிக் கேள்வி வரை எழுதினாய். அந்த வாரமே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எங்களை விட்டுப் போய்விட்டாய். டெங்கு என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மௌனமாக எழுந்து நின்றோம். அப்புறம் கெமிஸ்ட்ரி நடந்தது. நான் அழுததைப் பார்த்து மிஸ் என் முதுகைத் தடவினார். "பப்ளிக் வருதும்மா, மனசத் தேத்திக்க." அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் போர்டு பக்கம் திரும்பிவிட்டார். அழுவதற்கு எந்த பீரியட், கயல்?

போன வாரம் நம் வகுப்புக்கு குரூப் போட்டோ எடுத்தார்கள். என் பக்கத்தில் உனக்கு இடம் விட்டு நின்றேன்.

"பாப்பா, கொஞ்சம் நெருங்கி நில்லும்மா, நடுவுல கேப் தெரியுது" என்றார் போட்டோக்காரர்.

நான் நகரவில்லை. பி.டி. மிஸ் வந்து ஜெயந்தியை என்னோடு ஒட்டி நிறுத்தினார். அவள் தோள் என்மேல் இடித்தது. "சாரிடி" என்றாள் மெதுவாக. அவள் என்ன செய்வாள்? போட்டோ எடுத்துவிட்டார்கள்.

நேற்று சித்தி கேட்டாரென்று படத்தை உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எம்பொண்ணு எங்க நின்னுருப்பா, மலரு?"

எனக்கும் ஜெயந்திக்கும் நடுவில் விரலை வைத்தேன். "இங்கதான் சித்தி." அங்கே இடமே இல்லை. என் விரலை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்துக்கொண்டார். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.

உனக்கும் சேர்த்து நான் படிக்க வேண்டுமாம், எல்லோரும் சொல்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. மார்க் வாங்குவேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக உன் வீட்டுக்குப் போவேன். சித்தி ஒரு வாய் சாப்பிடும்வரை எழுந்து வர மாட்டேன். இதைச் செய்வேன்டி, சத்தியமாக.

உன் பெரியம்மா மகள்,
மலர் அக்கா