மாமனாரை மணந்ததாகப் பதிவான மருமகளின் மனு

அனுப்புநர்:
கைப்பேசிச் செயலிகளைச் சோதிக்கும் பணியில் உள்ள பெண்
கணவர்: பதிவின்படி ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்; உண்மையில் அவருடைய மகனான லிஃப்ட் மெக்கானிக்
இரண்டாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்
திருமணப் பதிவுத் துறை, தலைமை அலுவலகம்

பொருள்: துறையின் செயலி எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே மாதிரி இயங்காததால் என் மாமனார் எனக்குக் கணவராகப் பதிவானது – திருத்தம் கோருதல் – பேறுகாலம் நெருங்குவதால் அவசரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரு செயலி மக்களிடம் போவதற்கு முன், அதைப் பெரிய போன், சின்ன போன், பழைய போன், புது போன், இரண்டு வகை இயங்குதளங்கள் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் மருமகள் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். எனவே கீழே சொல்வது எதையும் நான் பொழுதுபோகாமல் எழுதவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் திருமணம் சென்ற ஆண்டு நடந்தது. அலுவலகத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்று தாங்கள் அறிவித்திருந்ததை நம்பித் துறையின் செயலியைப் பயன்படுத்தினோம். என் போன் புதியது. புகைப்படம் ஏற்றும் இடம் வந்ததும் செயலி தானாக மூடிக்கொண்டது. என் கணவருடையது வேறு இயங்குதளம். அதில் 'அடுத்து' என்ற பொத்தான் விசைப்பலகைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கடைசியில் மாமனாரின் பழைய போனில்தான் செயலி முழுதாக ஓடியது. வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டியவர் என்பதால், தன் கையில் இருக்கும் இயந்திரத்தைப் பிறரிடம் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தாமே நிரப்புவதாகச் சொல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

3. அவருக்குப் பார்வை மங்கல். போனில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். சின்னத் திரையில் பெரிய எழுத்து வந்தால் தங்கள் செயலி சொற்களைப் பாதியில் வெட்டிவிடுகிறது. 'மணமகள்' என்பது 'மணமக…' என்று நின்றது. 'மணமகன்' என்பதும் 'மணமக…'. 'மணமகனின் தந்தை' என்பதும் 'மணமக…'. மூன்று கட்டங்களுக்கும் ஒரே பெயர். மாமனார் முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்து சற்று யோசித்து, "பெரியவங்க பேருதான் முன்னாடி வரும்" என்று தம் பெயரை எழுதினார். தம் படத்தையும் ஏற்றினார். அதற்கடுத்த கட்டத்தில் மகன் பெயர். சாட்சியாக மாமியார் திரையில் விரலால் கையெழுத்திட்டார். சரிபார்க்கும் பக்கத்தை நானும் பார்த்தேன். அங்கும் 'மணமக…' மூன்று முறை இருந்தது. மகனைவிடத் தந்தை முப்பது வயது இளையவராக இருப்பதைச் செயலி ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே வாழ்த்துச் சொல்லி, திரையில் பூவும் தூவியது.

4. சான்றிதழை அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர், அதிலிருந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையை மிகுந்த இரக்கத்தோடு என் கையில் வைத்தார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

5. முதலில் வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது. மாமியார் என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டார். என் கணவர் வேலை முடிந்து வந்து, "மாமனார் வந்திருக்கேன், எழுந்து நிக்க மாட்டியா?" என்று கேட்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறார். மழை பெய்தாலும் போகிறார்.

6. செயலியிலேயே புகார் செய்தேன். 'பெயரில் எழுத்துப் பிழை' என்று ஒரு தேர்வு இருந்தது. 'மணமகனே பிழை' என்று எதுவும் இல்லை. இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் எழுத்துக்கு மேல் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. உதவி எண்ணில் பேசியவர், "ஆப்பை அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாருங்க மேடம்" என்றார். அவ்வாறே செய்தேன். செயலி அழிந்தது, திருமணம் அழியவில்லை. அடுத்துப் பேசியவர், முதலில் பதிவானவரிடம் விவாகரத்து பெற்று, பிறகு அவர் மகனை முறைப்படி மணந்துகொள்ளலாம் என்று வழிகாட்டினார். இதைக் கேட்ட மாமனார், "பண்ணாத கல்யாணத்துக்கு நான் எதுக்கும்மா கோர்ட்டு வாசல்ல நிக்கணும்?" என்று கேட்டார்.

7. இதற்கிடையில் நான் கருவுற்றேன். மருத்துவமனைக் கணினி தங்கள் பதிவிலிருந்தே விவரங்களை எடுத்துக்கொள்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்த என் கணவரின் அடையாள அட்டையைப் பார்த்த செவிலியர், திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களிடம், "மாமனார்னா இப்படி இருக்கணும். மருமகளுக்குப் பை தூக்கிட்டு வர்றார் பாருங்க. வயசே தெரியல" என்று பாராட்டினார். வெளியே வந்து படியிறங்கும்போது என் கணவர் மெதுவாக, "பொறக்கிற குழந்தைக்கு நான் தாத்தாவா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் கேலி நின்றது.

8. பின்னர் தங்கள் துறையிலிருந்து மாமியாருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவருடைய கணவர் வேறொரு பெண்ணை மணந்திருப்பதாகத் தெரியவருவதால், அவருடைய திருமணம் ஆய்வில் வைக்கப்பட்டுள்ளதாம். அந்த வேறொரு பெண் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை அதை இரண்டு தரம் படித்தார். உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தம் கல்யாணப் போட்டோவை எடுத்து, துடைத்து, கூடத்தில் வாசலைப் பார்க்க மாட்டினார். அதன் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

9. ஆகவே எங்கள் அலுவலகத்தில் அனுமதி பெற்று, சோதனைக்கான போன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு, தங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். காவலாளி பையைத் திறந்து பார்த்து, "விக்க வந்தீங்களா, இல்ல எங்கயாவது எடுத்ததா?" என்று விசாரித்தார். காத்திருந்த ஒருவர் மடக்குப் போனுக்கு விலை கேட்டார். கண்காணிப்பாளர் தம் போனில் செயலியைத் திறந்து காட்டி, "என் போன்ல நல்லாத்தானே வருது" என்றார். ஐயா, நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தினமும் கேட்கும் வாக்கியம் இது. என் தொழிலே இந்த வாக்கியத்தால்தான் நடக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தம் விவரங்களையே நிரப்பிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். முதல் கட்டத்தில் தம் பெயரையும் அடுத்ததில் தம் மாமனார் பெயரையும் எழுதிவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இல்லாவிட்டால் அவர் இன்றைக்குத் தம் மாமனாருக்கு மணமகளாகியிருப்பார்.

10. நியாயமான மனிதர். போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்று, எனக்குத் தம் நாற்காலியைக் கொடுத்தார். செயலியைத் தயாரித்தவர்களிடம் அங்கேயே பேசினார். சில வாரங்களில் திருத்திய செயலி வந்துவிட்டது. என்னிடமுள்ள எல்லாப் போன்களிலும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது சொற்கள் வெட்டுப்படாமல் இரண்டு வரியாக வருகின்றன. எவர் போனிலும் மணமகன் மணமகனாகவே இருக்கிறார். ஆனால் ஏற்கெனவே ஒப்புதலான பதிவைத் தொடத் தமக்கு அதிகாரமில்லை என்றும், "ஆணையர் கையெழுத்து போட்டாத்தான்மா நடக்கும்" என்றும் கண்காணிப்பாளர் கைவிரித்துவிட்டார். என் புகாரால் ஊரில் எல்லாருடைய கல்யாணமும் சரியாகிவிட்டது. என்னுடையது மட்டும் அப்படியே இருக்கிறது.

11. எனவே ஐயா, தாங்கள் அருள்கூர்ந்து என் கணவரை என் கணவராகவும், மாமனாரை மாமனாராகவும் பதிவில் இடம் மாற்றித் தரவேண்டும். அத்தையின் திருமணத்தை ஆய்விலிருந்து விடுவித்து, அதற்கு வருத்தம் தெரிவித்து அவர் பெயருக்கே ஒரு வரி எழுதி அனுப்பவேண்டும். இனி எந்தச் செயலியையும் வெளியிடுமுன், அதிகாரிகளின் போனில் மட்டுமல்லாமல், விரிசல் விழுந்த போன், பழைய போன், கண்ணாடி போட்டவர் போன் ஆகியவற்றிலும் ஓட்டிப் பார்க்க ஆணையிடவேண்டும். மருத்துவர் சொன்ன நாள் அடுத்த மாதம் வருகிறது. குழந்தைகள் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது வருமுன் அதன் அப்பா யார் என்பதில் துறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே கருத்து இருக்க வேண்டுமென்று மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிளை அலுவலகக் காத்திருப்பு அறை
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

தங்கள் தீர்வை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

கீழே மாமியார் தம் கைப்பட எழுதியது:

ஐயா, என் மருமக எழுதினது அத்தனையும் உண்மை. அவ மரியாதையா எழுதியிருக்கா, எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. அவர் குறட்டையை இத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கிறது நான். ஆய்வு பண்ணணும்னா ஒரு ராத்திரி உங்க ஆளுங்க யாரையாவது எங்க வீட்டுக்கு அனுப்பிப் பாருங்க. விடியறதுக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுத்துருவாங்க.