என் மூக்கை நம்பாதே

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா நெஞ்சு நோயில் போய் நாலு மாதம் ஆகிறது. அத்தை இன்னும் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கிறாள். குழந்தை அறைக்கு நீங்களே பெயிண்ட் அடித்து, தொட்டிலுக்கு வார்னிஷும் போட்டதாக எழுதியிருந்தாய். குளிருக்காக ஜன்னலைத் திறக்கறதில்லை, வாசனை ஸ்பிரே அடிக்கிறோம், இப்ப வாடையே இல்லை, அங்கயே படுக்கலாமா, நீங்கதான் பாலிஷ்காரர் ஆச்சே சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் நம் வீட்டு முன்னறையில்தான் மேசை நாற்காலிக்கு வார்னிஷ் போட்டேன். ஈரத்தில் ஒரு தூசி விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண், அதனால் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் பழந்துணி திணிப்பேன். அந்தத் துணியை உருவிப் பொம்மைக்குச் சட்டை தைத்துத் திட்டு வாங்கியவள்தானே நீ. அம்மா இருமுவாள். நெடி தாங்கலைங்க, கொஞ்சம் திறங்களேன் என்பாள். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எனக்கே தெரியலை, உனக்கு மட்டும் எங்கேருந்து வருது என்பேன். தொழில்காரன் மூக்கு சொன்ன பிறகு மறுபேச்சு ஏது, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

போன வாரம் பக்கத்து வீட்டில் காஸ் கசிந்து தெருவே வெளியே வந்து நின்றது, நான் மட்டும் உள்ளே சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் ஓடி வந்து இழுத்தாள், அண்ணே உனக்கு மூக்கு இருக்கா இல்லையா என்றாள். டாக்டரிடம் போனால், வார்னிஷில் கலக்கும் தின்னர் ஆவியில் மோப்பம் செத்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்கிறார். அம்மாவின் நெஞ்சு கெட்டதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதாம், ஆனால் கெட்ட நெஞ்சை இன்னும் கெடுத்திருக்குமாம். செத்த மூக்கை வைத்துக்கொண்டு அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் பாப்பா.

அதனால் என் மூக்கையும் நம்பாதே, உன் மூக்கையும் நம்பாதே, பழகிய மூக்குக்கு நெடி தெரியாது. ஸ்பிரே வாடையை மூடுமே தவிர வெளியேற்றாது, தூக்கிப் போடு. எதிரெதிர் ஜன்னலைத் திற, குளிர்ந்தால் போர்த்திக்கொள். நீ வேறு அறையில் படு, மிச்ச டப்பாவையும் தொட்டிலையும் மாப்பிள்ளை வெளியே கொண்டு வைக்கட்டும். அறையைக் கழுவும்போது பிளீச்சிங்கையும் ஆசிடையும் ஒன்றாக ஊற்றிவிடாதே, விஷப்புகை கிளம்பும். அப்பா பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் சிரி, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிரி.

நேற்று அம்மாவின் தலையணையை வெயிலில் போட எடுத்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். அண்ணி வாசனை இன்னும் போகலைண்ணே என்று அழுதாள். வாங்கி முகத்தோடு அழுத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை யாரும் துவைக்கக் கூடாது என்று பீரோவில் வைத்திருக்கிறேன்.

தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரசவமாகி, நூறு வயது நன்றாக மூச்சு விட்டு வாழுங்கள். பிள்ளையோடு வரும்போது அந்தத் தலையணையை முகர்ந்து, அம்மா வாசனை எப்படி இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். அதற்காகவாவது ஜன்னலைத் திறந்து வை.

உன் அப்பா