ஐந்தரை மணி நேரத் தூரத்தில் சிங்கப்பூர்

எப்போதும் எனக்கு முன்னால் நடக்கும் அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து அத்திம்பேர் கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார். "அம்மாகிட்ட இப்போ சொல்லாதே, தாங்கமாட்டா." டாக்டரும் பொறுக்கச் சொன்னார். உனக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது என்று ஒரு கதை கட்டினோம்.

கீழ் வீட்டு மாமியைத் துணைக்கு வைத்துவிட்டு, புனேயில் பரீட்சை வேலை என்று சொல்லி, உன்னைப் பார்க்க வந்தேன். மூன்றாம் நாள் மும்பைக்கு, நம் மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

"புனேல மழையா?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்றேன். ஒரு சாவுக்குப் போய்த் திரும்பியதை மறைக்க முடிகிற அளவுக்கா நீ பக்கத்தில் இருந்தாய்?

மும்பையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். அம்மாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நீ அங்கே குடிபோனபோது அழுதவளிடம், "அஞ்சரை மணி நேரம்தாம்மா. ட்ராஃபிக்ல மாட்டிண்டா புனேக்கே அவ்வளவு ஆகும்" என்றாயே, அதைத்தான் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று அதை என்மேலேயே திருப்பினாள்.

"சிங்கப்பூர் என்ன சந்திரமண்டலமாடி? அஞ்சரை மணி நேரம். அவளால வர முடியலேன்னா நான் போறேன். டிக்கெட் போடு."

"இந்த ஒடம்போடயா?"

"வீல்சேர்லயே கொண்டுபோய் ஏத்தி விடறாளாம், கீழாத்து மாமி சொன்னா. காலேஜ்ல பாடம் நடத்தற, ஒனக்கு இது தெரியாதா?"

"அவ பேசக்கூடாதும்மா."

"பேச வேண்டாம். பக்கத்துல செத்த நாழி உட்கார்ந்துட்டு வரேன். போறும்."

கப்பலில் போன காலத்தில் ஒரு கடிதத்துக்கே மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அத்தனை தூரத்தில் ஒரு பொய் கொஞ்ச காலம் பிழைத்திருக்கும். ஐந்தரை மணி நேரத்துக்குள் அது எங்கே ஒளியும்?

நாம் காப்பாற்றுவது அவள் இதயத்தையா, அவள் அழுவதைப் பார்க்கப் பயப்படும் நம்மையா? நீ இருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பேன். செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புகிறவள் இல்லை. பிறகு ஏன் எழுதுகிறேன்? அதுவும் தெரியவில்லை.

இன்று டாக்டரைப் பார்த்தேன். இனிச் சொல்லலாம் என்றார். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை.

உள்ளே அம்மா தன் பழைய பருத்திப் புடவை ஒன்றை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நீ கட்டிக்கொள்ள இதமாக இருக்குமாம்.

இந்தக் கடிதத்தை நான் கொடுக்க நினைத்திருக்கும் பத்திரிகையை அவள் ஒரு பக்கம் விடாமல் படிப்பவள். அதனால் உனக்கு ஒரு வாக்கு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயால் சொன்ன பிறகுதான் இதை அச்சுக்கு அனுப்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்