பச்சையா, சிவப்பா

மார்ச் 3

இன்றும் இருட்டு. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் மூன்று தட்டுகளிலும். ஒளிரும் சர்க்கரையை ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன். தசைச் செல்கள் அதைத் தின்றால் நுண்ணோக்கியில் பச்சையாக மின்ன வேண்டும். என் சேர்மத்தைப் போட்டால் இரண்டு மடங்கு மின்னுகிறது என்று போன வருடம் படம் படமாக எடுத்துச் சுவரில் ஒட்டியவள் நான். இப்போது என்ன கேடு வந்தது?

மார்ச் 5

அண்ணனின் கால் புண் ஆறவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை. இரண்டு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் விரல்களை எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வலது கால். பேருந்து ஓட்டுகிறவனுக்கு அது பிரேக் கால்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "ஏய் பாப்பா, உன் மருந்துதான் சர்க்கரையை உள்ள இழுக்குதுல்ல? கொஞ்சம் கொண்டு வாயேன்."

"அது மனுஷங்களுக்கு இல்லண்ணா."

"நானும் செல்லால ஆனவன்தானே!" சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

இருட்டு.

மார்ச் 11

கொண்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு குப்பி. குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை தர்றேன்" என்று அவனிடம் சொல்லியும்விட்டேன். என்ன செய்கிறேன் நான்? புத்தி கெட்டுப்போச்சா எனக்கு? ஆனா அந்தக் காலை தினமும் பிரிச்சுக் கட்டுறவ நான்தானே — வேற என்ன செய்ய?

மார்ச் 13

என் ஆய்வு நெறியாளர் மேடம் என் குறிப்பேட்டைப் புரட்டினார். "போன வருஷம் செல்லை எத்தனை தடவை கழுவுனீங்க?"

"ஒரு தடவை மேடம். இப்ப மூணு. வெளிய ஒட்டுன சர்க்கரை போக நல்லா கழுவணும்னு நீங்கதான் சொன்னீங்க."

மேடம் குறிப்பேட்டை மூடினார். "சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தீங்களா?"

செத்த செல்லுக்குள் மட்டும் புகும் சாயம். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பச்சை வந்த சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

மதியம் ஒரே ஒரு கழுவல், இரண்டு சாயமும். பச்சை வந்தது. சிவப்பைப் பார்க்க நுண்ணோக்கியின் ஒளி வடிகட்டியை மாற்றினேன். அதே செல்கள், ஒன்று விடாமல் சிவப்பு.

அவை எதையும் தின்னவில்லை. செத்துக் கிடந்தன. கிழிந்த சவ்வு வழியாகச் சர்க்கரை தானாகப் புகுந்திருக்கிறது. மூன்று முறை கழுவியதும் பிணங்கள் பிடி விட்டு நீரோடு போய்விட்டன, அதனால் இருட்டு. என் மருந்து கொல்லுது. இரண்டு வருஷமா கொன்னுக்கிட்டே இருந்திருக்கு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

குப்பி அங்கேயே இருந்தது, ஒட்டிய மூடி ஒட்டியபடி. அவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். "நீ தர்றேன்னு சொன்னல்ல? நீ குடுக்காம தொடுவேனா?" என்றான். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 24

இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது.

மே 6

அண்ணனைப் பணிமனையில் உட்கார்ந்து நேரம் குறிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சுவரில் இருந்த படங்களைக் கிழித்துப் போட்டேன். ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு வருடம் கேட்டிருக்கிறேன், வேறு சேர்மம்.

காலைக் கட்டும்போது இன்றும் கேட்டான்: "பச்சையா, சிவப்பா?"

"ரெண்டும் இல்லண்ணா. இருட்டுதான். ஆனா எல்லாம் உயிரோட இருக்கு."

"அப்புறம் என்ன?" என்று காலை நீட்டினான்.