இருக்கைக்குப் பின்னால் ஈயப் பெட்டி

ஏப்ரல் 24, 2018 – செவ்வாய்

கராஜ் கதவடியில் உறைந்து கிடந்த பனியைக் கடப்பாரை போட்டு உடைத்தேன். ஏரியில் இன்னும் ஐஸ் விடவில்லை. ஆனாலும் மே முதல் வாரம் போட்டிகள் ஆரம்பம். காரைக் கிளப்பிப் பார்க்காமல் கை சும்மா இருக்க மறுக்கிறது. பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ரெண்டு தடவை இருமிவிட்டு அப்புறம் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாசனை.

முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து "முழிச்சுக்கிட்டாளா என் ராசாத்தி!" என்று ஒரு குரல் வரும். காரைத்தான் சொல்வான், என்னை இல்லை. அந்தக் குரல் இப்போது மேற்கே ரெண்டு மாகாணம் தாண்டி, கெலோனாவில் இருக்கிறது. ஐஸில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் கூட விளையாடிய பாம் என்பவளோடு.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய உதிரிகளை வைத்து நானும் அப்போது என் புருஷனாக இருந்த லோர்னும் இந்தக் கராஜுக்குள்ளேயே கட்டிய கார் இது. கதவு இல்லை, கூரை இல்லை, ஹீட்டர் இல்லை. எடையைக் குறைக்கிறோம் என்று பித்துப் பிடித்து பெடலில்கூட ஓட்டை போட்டோம். சாமான் பிரித்துக்கொண்ட அன்று "காரை நீயே வெச்சுக்கோ" என்றான். பெருந்தன்மையாம்.

மே 6, ஞாயிறு

முதல் பரிசு. வகுப்பில் நான் ஒருத்திதான்.

வழக்கம்போல பழைய விமான தளம். ஓடுபாதையில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு, வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டினால் நேரத்தில் இரண்டு விநாடி கூட்டிவிடுவார்கள். வீட்டில் கட்டிய காருக்குத் தனி வகுப்பு. அப்படி ஒரு கார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான். லோர்ன் இருந்தவரை ஒரே காரை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அவன் முதல், நான் இரண்டாவது. எப்போதும் அப்படியேதான். இப்போது நான் நடந்தே பாதையைக் கடந்தாலும் கோப்பை எனக்குத்தான்.

காலையில் காரைச் சோதிக்கிறவர் போடான் குஸிக். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்தில் அக்கார்டியன் வாசித்தவர். சீட்டுக்குப் பின்னால் போல்ட் போட்டிருக்கும் இரும்புப் பெட்டியை விரலால் தட்டினார்.

"லோர்னை இன்னும் இதுக்குள்ள போட்டுத்தான் சுமந்துட்டு வர்றியா?"

"பெட்டி ஆடுதான்னு மட்டும் பாருங்க."

"ஆடல. அதான் கவலையா இருக்கு."

மே 7, திங்கள்

கிழவருக்கு வாய் ஜாஸ்தி.

மே 19, சனி

சரி, எனக்கு நானே எழுதுவதில் என்ன வெட்கம்? பெட்டிக்குள் இருப்பது ஈயக் குண்டு. லோர்ன் வாத்து வேட்டைக்காக ஒரு காலத்தில் வாங்கிக் குவித்தது. ஒரு மூட்டை சிமெண்ட் கனம் இருக்கும்.

இந்த மாதிரி சின்னக் காரில் ஓட்டுகிறவரின் உடம்பும் காரின் ஒரு பாகம் மாதிரிதான். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு தராசு வைக்க வேண்டும். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார, இன்னொருவர் ஸ்பிரிங் மேலிருக்கும் வளையங்களைத் திருகித் திருகி எடையைச் சமப்படுத்துவார். நாங்கள் செய்தபோது உட்கார்ந்தவன் லோர்ன். ஆள் அலமாரி மாதிரி இருப்பான். திருகியவள் நான். "எனக்கு எப்போ பண்றது?" என்று கேட்டேன். "தடவைக்குத் தடவை மாத்த முடியுமாடி? நீ ஓட்டும்போது குறையிற எடைக்கு ஈயத்தை வெச்சுக்கோ" என்றான். அதுவும் நியாயமாகப் பட்டது. எத்தனை விஷயம் அப்படி நியாயமாகப் பட்டிருக்கிறது!

அவன் போய்விட்டான். வளையங்கள் அவன் உடம்புக்கு வைத்த இடத்திலேயே நிற்கின்றன. ஈயத்தை எடுத்தால் கார் கோணிக்கொள்கிறது. அதனால் எடுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அவ்வளவுதானா?

இன்று தனியாகவே சரிசெய்து பார்க்கலாம் என்று கார் கிளப்பில் தராசுகளை இரவல் வாங்கி வந்தேன். என் எடைக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சீட்டில் அடுக்கி பெல்ட்டும் போட்டேன். நகர்ந்து நின்று பார்த்தேன். என் இடத்தில் மூட்டை உட்கார்ந்திருக்கிறது, எதிரே நான் ஸ்பானரோடு நிற்கிறேன். அந்தக் கண்ராவியைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். ராத்திரிக்கு உருளைக்கிழங்கு. நாளைக்கும் அதுதான்.

ஜூன் 3, ஞாயிறு

நாலு ஓட்டம், நாலிலும் கூம்பு. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் காரின் மூக்கு வெளியே ஓடுகிறது. பெட்டியோடு போனாலும் முன்புபோல் இல்லை. எனக்கு வயசாகிறதா, இல்லை ஒன்றும் பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

ஓட்டுகிற எல்லாரும் ஒரு முறை பாதையில் நின்று, மற்றவர்கள் தட்டும் கூம்புகளை ஓடி ஓடி நிமிர்த்த வேண்டும். இன்று என்னோடு நின்றவள் மரிசோல் டகானாய். வின்னிபெக் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். சின்னச் சிவப்புக் கார் வைத்திருக்கிறாள். ஓயாமல் பேசுகிறாள். என்னை டீட்டா என்கிறாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த அவர்கள் வீட்டில் அத்தை, சித்தி எல்லாருக்கும் அதுதானாம்.

"டீட்டா, உங்க கார் அழகா இருக்கு. ஆனா நீங்க அதைப் பயந்து பயந்து ஓட்டுறீங்க."

"நான் பயப்படல."

"அப்ப கோவமா ஓட்டுறீங்க. ரெண்டுல ஒண்ணு."

அதற்குள் ஒருவன் மூன்று கூம்புகளை வாரிக்கொண்டு போனான். ஓடினோம். மதியம் அவள் டப்பாவிலிருந்து நூடுல்ஸை என் தட்டில் பாதி கொட்டினாள், கேட்கவே இல்லை.

ஜூன் 24, ஞாயிறு

இன்று நான் செய்தது கேவலம்.

இரண்டாவது ஓட்டத்திலேயே மரிசோலின் கார் நின்றுவிட்டது. கிளட்ச் போச்சு. தள்ளிக்கொண்டு வந்து ஓரம் கட்டினாள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வண்டி படுத்துவிட்டால் யாராவது தங்கள் சாவியை நீட்டிவிடுவார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். என் வகுப்பில் வேறு யாரும் இல்லை, என் காரால் யாருக்கும் போட்டி கெடாது. எல்லார் கண்ணும் என் மேல்.

நான் குனிந்து டயரில் காற்று பார்த்தேன். காலையில் பார்த்த டயர்தான்.

கடைசியில் போடான் தன் பழைய பெரிய வண்டியின் சாவியைத் தூக்கிப் போட்டார். "இந்தாம்மா, கப்பல் ஓட்டத் தெரியுமா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 25, திங்கள்

அந்தச் சீட்டில் இன்னொருத்தர் உட்காரக் கூடாது. அதுதான். அந்த இடத்தை யாருக்காகக் காவல் காக்கிறேன் நான்?

ஜூலை 1, ஞாயிறு

கனடா தினம். ஏரிக்கரையில் கூட்டம், வாண வேடிக்கை. நான் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தால் இரக்கப்பட்டு யாராவது கூப்பிடுவார்கள். அது வேண்டாம்.

லோர்ன் போன் செய்தான். ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது தடவை. எடுத்ததுமே என் பெயர்.

"இங்கா, காரை எனக்கே குடுத்துடேன். நல்ல விலை தர்றேன்."

"எதுக்கு?"

"கிளப் போட்டோ எல்லாம் பாத்தேன். கோன் மேல கோனா இடிக்கிற. உன் தப்பு இல்லம்மா. அது என் உடம்புக்கு வெச்ச கார். உனக்கு எப்பவுமே சரியா வராது. ஆகஸ்ட்ல டிரெய்லர் எடுத்துட்டு வர்றேன்."

பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேனாம்! வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 2, திங்கள்

"உன் தப்பு இல்லம்மா." அடப்பாவி. போறதுதான் போனே. போகும்போது உன் எடையையும் எடுத்துட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? ஒன்றரை வருஷமா நான் உன்னை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு வளைவு வளைவா சுத்திட்டிருக்கேன், நீ அங்க உக்காந்து போட்டோ பாத்து எனக்குச் சமாதானம் சொல்றே.

அவன் சொன்னது உண்மை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 10, செவ்வாய்

விற்றுவிடலாம். கராஜைக் கூட்டித் துடைத்து ஒரு நல்ல ஃப்ரீசர் வாங்கிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூலை 13, வெள்ளி

மூன்று நாளாக ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். கூம்பு இல்லை, போடானின் கிண்டல் இல்லை, டீட்டா இல்லை. இந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது. தபால்காரர்கூடப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். உதவி கேட்பது இவ்வளவு கஷ்டமா? ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளை நான். ஒரு வழியாக நம்பரை அழுத்தினேன்.

"மரிசோல், ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?"

"ஊசி பிடிக்கத் தெரியும். காட்டிக்குடுத்தா அதையும் பிடிப்பேன். ஏன் டீட்டா?"

"அன்னிக்கு சாவி..."

"அதை விடுங்க. என்னிக்கு வரணும்?"

ஜூலை 21, சனி

மரிசோல் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு நேரே வந்தாள், கையில் மறுபடியும் நூடுல்ஸ். போடான் தராசுகளையும் தன் மனைவி செய்த, உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டையையும் கொண்டுவந்தார். என் கராஜில் மூன்று பேர். நிற்க இடமில்லாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம்.

முதலில் பெட்டி. நாலு போல்ட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. போடான் தூக்கிப் பார்த்து முனகினார்.

"இதை நான் எடுத்துக்கறேன். உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு பண்ணலாம். லோர்ன் வாழ்க்கையில முதல் தடவையா மீன் பிடிக்கட்டும்."

பிறகு என்னை உட்காரச் சொன்னார்கள். இந்தக் காரில் ஆயிரம் தடவை உட்கார்ந்திருக்கிறேன். இப்படி உட்கார்ந்ததில்லை. ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மரிசோல் கீழே படுத்து வளையத்தைத் திருக, போடான் எண்களைப் படித்தார். திருகினாள், படித்தார். மறுபடி திருகினாள். என் உடம்புக்காக இரண்டு பேர் தரையில் புரண்டுகொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தேன்.

"அசையாதீங்க டீட்டா! எண் ஓடுது!"

"அழறா விடு," என்றார் போடான்.

"அழட்டும். கையை எடுக்காம அழட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நாலு தராசிலும் எண் குதித்தது. போடான் ஸ்பானரால் தலையில் அடித்துக்கொண்டார். முழுசாக ஒரு காலை போயிற்று. கண்ணீர் அதுவாகவே காய்ந்தது.

ஜூலை 22, ஞாயிறு

லோர்னுக்கு எழுதினேன்: கார் விற்பனைக்கு இல்லை. டிரெய்லர் வேண்டாம். அது இப்போ உனக்குச் சரியா வராது.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

திரும்புகிறது! வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது! எத்தனை வருஷம் இதை ஓட்டுகிறேன், இந்தக் காருக்கு இப்படி ஓடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

காலையிலேயே மரிசோலிடம் சாவியை நீட்டிவிட்டேன். அவள் காருக்கு இன்னும் கிளட்ச் வரவில்லை. "நிஜமாவா?" என்றாள். "ரொம்ப யோசிச்சா திருப்பி வாங்கிடுவேன்" என்றேன். கதவில் என் எண்ணுக்குப் பக்கத்தில் அவள் எண்ணையும் டேப்பால் ஒட்டினோம். கதவு இல்லை, பக்கவாட்டுத் தகட்டில்தான். கதவென்றே எழுத வருகிறது.

என்னளவுதான் அவளும் இருப்பாள். வளையத்தைத் தொடத் தேவையே இல்லை. அவள் முறுக்கிய முறுக்கில் என் ராசாத்தி ஒரு பிசகும் இல்லாமல் பறந்தாள். ஆமாம், என் ராசாத்தி.

கடைசி ஓட்டத்தில் நான் அவளை முந்தியிருக்க வேண்டும். முடியப்போகிற இடத்தில் பேராசைப்பட்டு ஒரு கூம்பைத் தட்டினேன். இரண்டாம் இடம். லோர்னிடம் தோற்றபோதெல்லாம் காரா நானா என்று தெரியாமல் வீடுவரை குமைந்துகொண்டே வருவேன். இன்று சந்தேகமே இல்லை. அந்தக் கூம்பு என் கூம்பு.

ஆகஸ்ட் 20, திங்கள்

போடான் மீன் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய பிக்கரெல். "உன் வீட்டுக்காரன் பிடிச்சது" என்றார். வறுத்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 2, ஞாயிறு

மழை. போட்டி இல்லை. வீடு அமைதி. சில நாள் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. காரில் பெட்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டை, ஈர ரோட்டில் போனால் தண்ணீர் உள்ளே அடிக்கிறது. அடைக்க வேண்டும்.

செப்டம்பர் 16, ஞாயிறு

இந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. காலையில் புல்லெல்லாம் உறைபனி, விரல் விறைத்துவிட்டது.

முதல் பரிசு. வகுப்பில் இரண்டு பேர். மற்றவள் மரிசோல்; தோற்ற கடுப்பில் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவே இல்லை.